நீலக் கம்பி எங்கே போகிறது? வீட்டுத் தெர்மோஸ்டாட்டை மாற்றுவதற்கு முன்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் மனைவியின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். டொரன்டோவுக்கு வடக்கே மார்க்கத்தில் அவர் வாங்கியிருப்பது பழைய வீடு. வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டின் திரை மங்கிவிட்டதால், கடையிலிருந்து புதியது ஒன்றை வாங்கிவந்து தாமே மாட்டியிருந்தார். திரையில் எண்கள் சரியாகத் தெரிந்தன. வெப்பமூட்டும் நிலைக்கு மாற்றினார். வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருந்த ஃபர்னஸ் அசையவே இல்லை. வெளியே உறைபனி. வீட்டில் எட்டு மாதக் குழந்தை. “நிறம் பார்த்துத்தான் மாட்டினேன், அத்தான். சிவப்பு ஆர், வெள்ளை டபிள்யூ, நீலம் பி” என்றார்.

‘புளூ’ என்ற சொல் ‘பி’ எழுத்தில் தொடங்குகிறது. தெர்மோஸ்டாட்டிலும் ‘பி’ என்று ஒரு முனை இருக்கிறது. பழைய கருவியில் எந்தக் கம்பி எந்த எழுத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் கழற்றிவிட்ட ஒருவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த வீட்டின் நீலக் கம்பி, ஃபர்னஸுக்குள் ‘சி’ என்ற முனையிலிருந்து புறப்பட்டு வந்தது. ‘பி’ முனையோ, குளிரையும் வெப்பத்தையும் ஒரே கருவியில் தரும் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கானது. அவர் வாங்கிய தெர்மோஸ்டாட், வெப்பமூட்டும் நிலையில் வைத்த நொடியிலேயே ‘ஆர்’ முனையை ‘பி’ முனையோடு இணைத்துவிடும். மின்மாற்றியின் ஒரு முனையில் புறப்பட்ட மின்சாரம் இடையில் எந்தக் கருவியையும் கடக்காமல் நேரே மறுமுனைக்குத் திரும்பிவிட்டது. ஷார்ட் சர்க்யூட். மறுநாள் காலை ஃபர்னஸின் கதவைத் திறந்து பார்த்தபோது, அதன் கட்டுப்பாட்டுப் பலகையான போர்டில் இருந்த ஊதா நிற 3 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது. அது இருந்ததால் பிழைத்தோம். பழைய ஃபர்னஸ்கள் சிலவற்றில் அந்த ஃபியூஸும் கிடையாது, மின்மாற்றியே கருகிப்போகும்.

அன்றிலிருந்து யார் தெர்மோஸ்டாட் மாற்றப்போவதாகச் சொன்னாலும் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சுவரில் தெரியும் கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். அதன் மறுமுனை எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்துதான் அந்தக் கம்பியின் பெயர். இதை மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு மீதி வேலை கடினமாக இருக்காது. ஏன் அப்படி என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சிறிய பெட்டி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவரில் இருப்பது ஸ்விட்சுகள்தான்

கனடாவிலும் அமெரிக்காவிலும் தனி வீடுகள் பலவற்றில் ஒரே ஃபர்னஸ் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறது. கோடையில் அதே குழாய்களில் ஏ.சி.யின் குளிர்காற்று வருகிறது. ஃபர்னஸுக்குள் வீட்டின் 120 வோல்ட் மின்சாரம் போகிறது. அங்கே இருக்கும் ஒரு சிறு மின்மாற்றி அதை 24 வோல்ட்டாகக் குறைக்கிறது. வழக்கமாக அதன் திறன் 40 வோல்ட்-ஆம்பியர். அதாவது ஒன்றரை ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாக மட்டும்தான் அதனால் தர முடியும். தெர்மோஸ்டாட்டுக்கு வருவது இந்த மெலிந்த மின்சாரம்தான்.

‘ஆர்’ என்ற முனையில் அந்த 24 வோல்ட் வந்து காத்திருக்கிறது. வீடு குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் ‘ஆர்’ முனையை ‘டபிள்யூ’ முனையோடு இணைக்கிறது. ஃபர்னஸ் எரியத் தொடங்குகிறது. ‘ஆர்’ முனையை ‘ஒய்’ முனையோடு இணைத்தால் ஏ.சி. ஓடும். ‘ஜி’ முனையோடு இணைத்தால் ஃபர்னஸுக்குள் காற்றைத் தள்ளும் மின்விசிறி மட்டும் சுழலும். படுக்கையறை விளக்கின் ஸ்விட்ச் செய்யும் வேலைதான் இது. விரலுக்குப் பதிலாக வெப்பநிலை அழுத்துகிறது, அவ்வளவே.

இவற்றில் ‘ஒய்’ கம்பியின் பாதையைக் கொஞ்சம் தொடர்ந்துபோய்ப் பார்ப்பது நல்லது. அது தெர்மோஸ்டாட்டிலிருந்து ஃபர்னஸ் போர்டுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு கம்பி, வீட்டுக்கு வெளியே நிற்கும் ஏ.சி. பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்குள் காண்டாக்டர் என்ற மின்காந்த ஸ்விட்ச் இருக்கிறது. அதன் சுருளுக்குள் 24 வோல்ட் பாய்ந்ததும் அது ‘டக்’ என்று இழுபட்டு, 240 வோல்ட்டைக் கம்ப்ரசருக்குத் திறந்துவிடுகிறது. சுருளைக் கடந்த மின்சாரம் ‘சி’ கம்பி வழியாக மின்மாற்றிக்கு வீடு திரும்புகிறது. ஃபர்னஸ் போர்டின் ‘ஒய்’ திருகிலும் ‘சி’ திருகிலும் பல வீடுகளில் இரண்டிரண்டு கம்பிகள் இருப்பதற்கு இதுதான் காரணம்: ஒன்று சுவருக்கு, ஒன்று வெளியே. இது தெரியாமல் கூடுதலாக இருப்பதாக நினைத்து ஒன்றைப் பிடுங்கிவிட்டால் அடுத்த ஜூன் மாதம் ஏ.சி. ஓடாது. எதனால் என்று அப்போது யாருக்கும் நினைவும் வராது.

ஆக, ‘ஆர்’ புறப்பாடு. ‘சி’ திரும்பும் வழி. மற்ற எழுத்துகள் எல்லாம் இடையில் உள்ள வேலைகள். ‘ஆர்’ கம்பியும் ‘சி’ கம்பியும் இடையில் வேலை ஏதும் இல்லாமல் நேராகத் தொட்டுக்கொள்ளக் கூடாது. மைத்துனர் வீட்டில் நடந்தது அதுதான்.

சிவப்பு ‘ஆர்’, வெள்ளை ‘டபிள்யூ’, மஞ்சள் ‘ஒய்’, பச்சை ‘ஜி’, நீலம் ‘சி’, ஆரஞ்சு ‘ஓ’ என்பது தொழிலாளர்களிடையே வழங்கும் பழக்கம். மின்விதிகள் கட்டாயப்படுத்தும் ஒழுங்கு அல்ல. பல கம்பிகளைச் சேர்த்து மூடிய உறைகளில் அன்று வண்டியில் எது கிடந்ததோ அதை இழுத்திருப்பார்கள். நீலம் இல்லாவிட்டால் கறுப்பு, ஆரஞ்சு மிச்சமிருந்தால் ஆரஞ்சு. வீட்டின் மற்ற மின்கம்பிகளில் பச்சை என்றால் நிலத்தொடர்பு. இங்கே பச்சை மின்விசிறிக்கான கம்பி. மின்வேலை ஓரளவு தெரிந்தவர்களே இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கம்பிகளிலிருந்து ஐந்து வரை

1880களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய வாரன் ஜான்சன் என்ற பேராசிரியருக்கு ஒரு தொல்லை இருந்தது. வகுப்பறை குளிர்கிறதா, வெக்கையாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டடக் காவலர் அடிக்கடி உள்ளே வந்து பாடத்தைக் குலைத்தார். ஜான்சன் செய்த கருவி, வெப்பநிலை மாறியதும் கீழே கொதிகலன் அறையில் ஒரு மணியை அடித்தது. 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1885-இல் மினியாபொலிஸில் ஆல்பர்ட் பட்ஸ் இன்னும் ஒரு படி போனார்: அறை குளிர்ந்தால் நிலக்கரி அடுப்பின் காற்றுவாயைத் தானே திறக்கும் அமைப்பை உருவாக்கினார். அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் ஹனிவெல் நிறுவனம்.

ஹனிவெல் 1953-இல் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட்டைப் பழைய வீடு வாங்கிய எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். வடிவமைத்தவர் ஹென்றி டிரைஃபஸ். உள்ளே இரண்டு உலோகங்கள் ஒட்டிய சுருள் ஒன்று. அதன்மேல் பாதரசத் துளி அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி. குளிரில் சுருள் அசைய, குப்பி சாய, பாதரசம் உருண்டு இரண்டு கம்பிகளையும் இணைக்கும். அந்தக் கருவி இயங்க மின்சாரமே தேவையில்லை. அதனால் வெப்பமூட்டல் மட்டும் இருந்த வீடுகளில் ‘ஆர்’, ‘டபிள்யூ’ என்ற இரண்டே கம்பிகளைச் சுவருக்குள் இழுத்தார்கள். அன்று அது முற்றிலும் போதுமானது.

2007-இல் டொரன்டோவில் ஈகோபீ என்ற தெர்மோஸ்டாட் நிறுவனம் தொடங்கியது. 2011-இல் நெஸ்ட் என்ற தெர்மோஸ்டாட் வந்தது. வண்ணத் திரை, வை-ஃபை, அறையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் உணர்வி என்று தெர்மோஸ்டாட் ஒரு சிறு கணினியாகிவிட்டது. கணினிக்கு இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் வேண்டும். ‘ஆர்’ முனையில் மின்சாரம் வருகிறது, சரி. திரும்பிப் போக வழி? அந்த வழிதான் ‘சி’ கம்பி. 1960களிலோ 70களிலோ சுவருக்குள் கம்பி இழுத்தவர் அதை யோசிக்கக் காரணமே இல்லை. இன்று தெர்மோஸ்டாட் மாற்றுவதில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு கம்பி இல்லாததால் வருபவை.

‘சி’ இல்லாமலும் ஓடும் என்று விற்கப்படும் கருவிகள் ஒரு குறுக்குவழியைக் கையாள்கின்றன. ஏ.சி. ஓடாத நேரத்திலும் ‘ஒய்’ கம்பி வழியாக, காண்டாக்டரின் சுருளுக்குள், அதை இழுக்காத அளவுக்குச் சொட்டு மின்சாரத்தைக் கசியவிட்டுத் தங்கள் பேட்டரியை நிரப்பிக்கொள்கின்றன. பல வீடுகளில் இது ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி நடக்கும். சில போர்டுகளில் அந்தக் கசிவே கட்டளையாகிவிடும்: காண்டாக்டர் படபடவென்று அடிக்கும், அல்லது ‘டபிள்யூ’ கம்பி வழியாகக் கசியவிடும் கருவி என்றால் யாரும் கேட்காமலே ஃபர்னஸ் எரியும். இன்னும் சில வீடுகளில் பேட்டரி மெல்ல வடிந்து, சரியாகக் கடுங்குளிர் இரவில் திரை இருண்டுபோகும். படபடக்கும் காண்டாக்டர் கம்ப்ரசரின் ஆயுளைத் தின்னும். என்னைக் கேட்டால், ‘சி’ கம்பியைக் கொண்டுவர ஒரு வழி இருக்கும்போது இந்தக் குறுக்குவழியை நம்ப வேண்டியதில்லை.

வழிகள் உண்டு. முதலில் சுவரில் உள்ள உறையை ஒரு விரல் நீளம் மெல்ல வெளியே இழுத்துப் பாருங்கள். பயன்படுத்தாத ஒரு கம்பி உறையைச் சுற்றிக் கட்டப்பட்டோ உள்ளே மடக்கப்பட்டோ இருப்பது மிகவும் சாதாரணம். ஃபர்னஸ் பக்கத்திலும் அதே நிறக் கம்பி சும்மா கிடக்கும். அங்கே அதை ‘சி’ திருகிலும், இங்கே ‘சி’ முனையிலும் மாட்டினால் வேலை முடிந்தது. அப்படி எதுவும் இல்லையென்றால் புதிய ஐந்து அல்லது எட்டுக் கம்பி உறையை இழுப்பது நிரந்தரத் தீர்வு. தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே நிலவறை இருந்தால் அது பெரும்பாலும் அரைநாள் வேலைதான். அதுவும் முடியாவிட்டால் நான்கு கம்பிகளை ஐந்தின் வேலைக்குப் பழக்கும் ஒரு சிறு துணைப் பெட்டியை ஃபர்னஸுக்குள் வைக்கலாம். ஈகோபீ அதைத் தன் கருவிகள் பலவற்றுடன் சேர்த்தே தருகிறது. சுவரில் உள்ள பிளக்கில் செருகும் 24 வோல்ட் மின்மாற்றியும் கிடைக்கிறது. தொங்கும் கம்பி அழகாக இருக்காது என்றாலும் வேலை செய்யும்.

பச்சைக் கம்பியை ‘ஜி’ முனையிலிருந்து கழற்றி இரு பக்கமும் ‘சி’ ஆக்கிக்கொள்வதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எரிவாயு ஃபர்னஸ் வெப்பமூட்டும்போது தன் மின்விசிறியைத் தானே இயக்கிக்கொள்ளும் என்பதால் இது சாத்தியம்தான். ஆனால் மின்விசிறியைத் தனியாக ஓட்டும் வசதி போய்விடும். ஏ.சி. ஓடும்போது விசிறியும் ஓடுமா என்பதை அந்தப் போர்டின் வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சில போர்டுகளில் ‘ஒய்’, ‘ஜி’ இரண்டையும் அங்கேயே ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க நேரும். மின்சார ஃபர்னஸ், ஹீட் பம்ப் உள்ள வீடுகளில் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

தொடுவதற்கு முன்

உயிரோடு தொடர்புடைய பகுதி இது. மேலே சொன்னதெல்லாம் 24 வோல்ட் அமைப்பைப் பற்றியது. சுவரில் இருக்கும் எல்லாத் தெர்மோஸ்டாட்டுகளும் 24 வோல்ட் அல்ல.

சுவரின் அடிப்பக்கத்தில் நீளமாக ஓடும் மின்சார ஹீட்டர்கள் உள்ள வீடுகளில், தெர்மோஸ்டாட்டுக்குள் 240 வோல்ட்டோ 120 வோல்ட்டோ நேரடியாக வருகிறது. நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் கியூபெக்கில் இது மிகச் சாதாரணம். அடுக்குமாடிக் கட்டடங்கள் சிலவற்றிலும் இப்படித்தான். அடையாளம் எளிது. மெல்லிய பல நிறக் கம்பிகளுக்குப் பதிலாகத் தடித்த இரண்டு அல்லது நான்கு கம்பிகள் இருக்கும். அவை சுவருக்குள் பதித்த உலோகப் பெட்டியிலிருந்து வரும். அவற்றின் முடிச்சுகளைக் கூம்பு வடிவ மூடிகள் மூடியிருக்கும். கனடாவில் அவற்றை மரெட் என்பார்கள். அப்படிப்பட்ட சுவரில் 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் அது தீப்பற்றலாம். தொட்டால் ஆளையே கொல்லும் மின்சாரம் அது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு கம்பி மட்டும் உள்ள தெர்மோஸ்டாட், 240 வோல்ட்டை ஹீட்டருக்குக் கொண்டுவரும் இரண்டு மின்கம்பிகளில் ஒன்றை மட்டுமே துண்டிக்கிறது. முகப்பில் ‘நிறுத்தம்’ என்று இருந்தாலும் ஹீட்டரின் மற்றொரு கம்பியில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். இத்தகைய வீட்டுக்கு அதற்கென்றே செய்த தெர்மோஸ்டாட்டுகள் தனியாக விற்கப்படுகின்றன. மாட்டும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

எரிவாயுக் கணப்பு அடுப்புகள் பலவற்றில் நேர்மாறான நிலை. அவற்றில் சிறு சுடரின் வெப்பத்திலிருந்தே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரம் உண்டாகி வால்வை இயக்குகிறது. அங்கே 24 வோல்ட்டைக் கொண்டுபோனால் வால்வு கெடும்.

உங்கள் வீட்டில் இருப்பது 24 வோல்ட்தான் என்று உறுதியானபின் மின்சாரத்தை நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட்டை ‘ஆஃப்’ செய்வது நிறுத்தம் ஆகாது. ஃபர்னஸின் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதையும், வீட்டின் மின்பெட்டியில் ஃபர்னஸுக்கான பிரேக்கரையும் அணைக்க வேண்டும். வெப்பத்துக்கும் குளிருக்கும் தனித்தனி மின்மாற்றிகள் உள்ள வீடுகளில் இரண்டுக்குமான பிரேக்கர்களை அணைக்க வேண்டும். பிறகு வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து ‘ஆர்’ முனைக்கும் ‘சி’ முனைக்கும் இடையே பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது 24 முதல் 28 வரை காட்டும். இப்போது சுழியம் காட்ட வேண்டும். தொடாமலே மின்சாரம் காட்டும் பேனா வடிவ டெஸ்டர் பலரிடம் இருக்கிறது. 24 வோல்ட்டை அது பெரும்பாலும் கண்டுபிடிக்காது; அது ஒளிரவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

உலர்ந்த கையால் 24 வோல்ட்டைத் தொட்டால் பெரும்பாலும் எதுவும் உணர மாட்டீர்கள். அதனால்தான் பலர் மின்சாரத்தை நிறுத்தாமலே வேலையைத் தொடங்குகிறார்கள். ஆபத்து கைக்கு இல்லை, போர்டுக்கு. கழற்றும்போது ‘ஆர்’ கம்பி நழுவி ‘சி’ கம்பியை ஒரு கணம் உரசினால் போதும். ஃபர்னஸின் கதவைத் திறந்த பிறகோ நிலைமை வேறு: அங்கே 120 வோல்ட் வெளிப்பட்டிருக்கிறது. எரிவாயுக் குழாய், வால்வு ஆகியவற்றின் பக்கம் உங்கள் கை போகவே கூடாது. ஒன்டாரியோவில் அது உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

கழற்றுவதும் மாட்டுவதும்

முகப்பைக் கழற்றியதும் முதல் வேலை புகைப்படம். ஒவ்வொரு கம்பியும் எந்த எழுத்தில் நிற்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். அடுத்து, கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கம்பியிலும் அந்த எழுத்தை எழுதி ஒட்டுங்கள். நிறத்தை எழுத வேண்டாம். நிறம் கம்பியிலேயே தெரிகிறது. பின்னர் நிலவறைக்கு இறங்கி, ஃபர்னஸின் கீழ்க்கதவைத் திறந்து, அதே கம்பிகள் போர்டில் எந்த எழுத்துகளில் முடிகின்றன என்று ஒப்பிடுங்கள். இரு முனைகளும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் போர்டு சொல்வதையே நம்புங்கள். சில நிறுவனங்களின் பழைய ஹீட் பம்புகளில் திரும்பும் கம்பிக்கே ‘பி’ என்று பெயர் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பி புதிய தெர்மோஸ்டாட்டின் ‘சி’ முனைக்குப் போக வேண்டும். எழுத்தைக்கூட அப்படியே நம்ப முடியாத இந்த இடத்தில் வழிகாட்டுவது, ஃபர்னஸ் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மின்வரைபடம்.

பழைய தெர்மோஸ்டாட்டில் ‘ஆர்.ஹெச்’, ‘ஆர்.சி’ என்று இரண்டு முனைகளும் அவற்றை இணைக்கும் ஒரு சிறு உலோகத் துண்டும் இருக்கலாம். வெப்பத்துக்கும் குளிருக்கும் ஒரே மின்மாற்றி என்றால் அந்த இணைப்பு தேவை. சுடுநீர்க் கொதிகலனும் தனி ஏ.சி.யும் உள்ள வீட்டில் மின்மாற்றிகள் இரண்டு. அங்கே இணைப்பு இருக்கவே கூடாது. இருந்தால் இரண்டு மின்மாற்றிகளும் ஒன்றோடொன்று மோதும். புதிய கருவிகள் பலவற்றில் இந்த இணைப்பு உள்ளேயே நடந்துவிடுகிறது. ஒரே ‘ஆர்’ கம்பி இருந்தால் எந்த முனையில் செருகுவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

கம்பி முனையில் தோலை உரிக்கும்போது முனைக்குள் போகும் அளவுக்கு மட்டும் உரியுங்கள். வெளியே செம்பு தெரிந்தால் பக்கத்துக் கம்பியைத் தொடும் வாய்ப்பு உண்டு. கழற்றிய உறை சுவருக்குள் வழுக்கி விழுந்துவிடாமல் ஒரு பென்சிலில் சுற்றிவையுங்கள். மாட்டியதும் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சுவரில் கம்பி வரும் ஓட்டையைக் களிம்பாலோ பஞ்சாலோ அடைப்பது பலரும் விட்டுவிடும் வேலை. சுவரின் உட்கூட்டிலிருந்து வரும் குளிர்ந்த காற்று தெர்மோஸ்டாட்டின் முதுகில் பட்டால் அது அறையின் வெப்பநிலையைத் தவறாகப் படிக்கும். ஆண்டு முழுவதும் நீங்கள் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஹீட் பம்ப் உள்ள வீடுகள்

2021-இல் கனடா அரசு வீடுகளின் எரிசக்திச் சீரமைப்புக்கு மானியம் தரத் தொடங்கியபின் நம்மவர் பலரும் ஹீட் பம்ப் பொருத்தினார்கள். அதன் கம்பிகள் கொஞ்சம் வேறு கணக்கு. ஒரே கம்ப்ரசர்தான் குளிரையும் வெப்பத்தையும் தருகிறது. குளிர்பதன வாயு ஓடும் திசையை ஒரு வால்வு புரட்டிவிடுகிறது. அந்த வால்வுக்குப் போகும் கம்பிதான் ‘ஓ’ அல்லது ‘பி’. பெரும்பாலான நிறுவனங்கள் குளிரூட்டும்போது அந்த வால்வுக்கு மின்சாரம் கொடுக்கின்றன; அது ‘ஓ’. ரீம், ரூட் போன்றவை வெப்பமூட்டும்போது கொடுக்கின்றன, அது ‘பி’. புதிய தெர்மோஸ்டாட்டுகளில் இரண்டுக்கும் ஒரே முனை இருக்கும். எது என்பதை அமைப்புப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஜனவரியில் வெப்பம் கேட்க, குளிர்காற்று வரும். பயப்பட வேண்டாம், எதுவும் எரியவில்லை. அந்தத் தேர்வை மாற்றினால் சரியாகிவிடும்.

சத்தமில்லாமல் பணத்தைக் கரைக்கும் தவறு இன்னொன்று. ஹீட் பம்புக்குத் துணையாகச் சில வீடுகளில் மின்சார வெப்பச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றின் கம்பி ‘ஆக்ஸ்’ அல்லது ‘டபிள்யூ2’ என்ற முனைக்கு வரும். தெர்மோஸ்டாட்டுக்கு ‘இது ஹீட் பம்ப்’ என்று சொல்லாமல் சாதாரண ஃபர்னஸ் என்று பதிவுசெய்து, அந்தக் கம்பியை ‘டபிள்யூ’ முனையில் மாட்டிவிட்டால், குளிர்காலம் முழுவதும் ஹீட் பம்ப் சும்மா இருக்க, சுருள்களே வீட்டைச் சூடாக்கும். வீடு கதகதப்பாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மின்கட்டணச் சீட்டு வரும்போதுதான் தெரியும். கம்பியைச் சரியாக மாட்டுவது பாதி வேலை. அமைப்புப் பட்டியலில் சரியான பதில் தருவது மறுபாதி. ஹீட் பம்பும் எரிவாயு ஃபர்னஸும் சேர்ந்திருக்கும் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாதபடி அமைக்க வேண்டியிருப்பதால், அதை நிறுவியவரையே அழைப்பது நல்லது.

மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்த பிறகு

ஃபர்னஸின் கதவை முதலில் சரியாக மூடுங்கள். கதவு திறந்திருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் அதற்குள் இருக்கிறது. புதிய தெர்மோஸ்டாட்டின் திரை உயிர்பெறாமல் போவதற்கு, நான் பார்த்தவரை, கதவு அரைகுறையாக மூடியிருப்பதுதான் அதிகமான முறை காரணமாக இருந்திருக்கிறது. அடுத்த சந்தேகம் போர்டில் உள்ள ஃபியூஸ். பழுப்பு நிறம் என்றால் 5 ஆம்பியர், ஊதா என்றால் 3. அதே அளவில்தான் மாற்ற வேண்டும். மீண்டும் எரிந்தால் மூன்றாவது ஃபியூஸை வாங்கப் போகாதீர்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது. மூன்றாவது சந்தேகம் கோடையில் வரும்: ஏ.சி.யின் நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால், தட்டில் நீர் நிறைந்ததும் ஒரு மிதவை ஸ்விட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும். பலரும் அதைத் தெர்மோஸ்டாட்டின் கோளாறு என்று நினைத்து, நல்ல கருவியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

முதலில் மின்விசிறி, பிறகு வெப்பம் என்ற வரிசையில் சோதியுங்கள். ஏ.சி. கேட்டதும் ஓடாவிட்டால் ஐந்து நிமிடம் பொறுங்கள். நின்ற கம்ப்ரசர் உள்ளழுத்தம் சமன்படும் முன் மறுபடி கிளம்பக் கூடாது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டே காத்திருக்கிறது. வெளியே 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும் நாளில் ஏ.சி.யைச் சோதிக்கவே வேண்டாம், அது கம்ப்ரசருக்குக் கேடு. கருகிய வாடை வந்தாலோ, போர்டில் கறுத்த தடம் தெரிந்தாலோ, எண்ணிக்கையில் பொருந்தாத கம்பிகள் இருந்தாலோ பிரேக்கரை அணைத்துவிட்டுப் பணியாளரை அழையுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு போர்டின் விலையைவிட மிகக் குறைவு.

கழற்றிய பழைய கருவி வட்டமானதாகவும் உள்ளே வெள்ளி போல மின்னும் துளி கொண்டதாகவும் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். ஒரு குப்பியில் ஏறத்தாழ 3 கிராம் பாதரசம் இருக்கிறது. கண்ணாடி உடையாமல் ஒரு டப்பாவில் வைத்து, உங்கள் நகரத்தின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே 1998-இல் தெர்மோஸ்டாட் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு மீட்பு அமைப்பும் இருக்கிறது.

மைத்துனர் வீட்டில் அன்று காலை ஃபியூஸை மாற்றினோம், நீலக் கம்பியை ‘சி’ முனைக்கு மாற்றினோம். பத்து நிமிடத்தில் தரையின் காற்றுவாயிலிருந்து வெப்பம் வந்தது. குழந்தை அதன் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டியது. அவர் ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து கம்பிகளின் நிறத்தையும், ஒவ்வொன்றும் இரு முனைகளிலும் எந்த எழுத்தில் நிற்கிறது என்பதையும், அன்றைய தேதியையும் எழுதி, ஃபர்னஸ் கதவின் உட்புறத்தில் மின்வரைபடத்துக்குக் கீழே ஒட்டிவைத்தார்.